வீட்டோடு ஒரு வெள்ளைக்காரி

என் மகளை யார் வளர்த்தது என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குப் பதில் முன்பே தெரியும். அது என் வாயால் வர வேண்டும் என்பதுதான் அவர்களின் ஆசை. நானும் ஒளிப்பதில்லை. நடக்கவும் தொடங்காத பிள்ளையை ஒரு ஜெர்மன்காரப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு நான் பஸ் ஓட்டப் போனேன். அவள் எங்கள் வீட்டிலேயே தங்கி, எங்களோடு சாப்பிட்டு, ஒரு வருடம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். இதைச் சொன்னதும் கேட்டவரின் முகம் ஒரு பக்கம் கோணும். நான் பலகாரத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிடுவேன்.

எங்கள் வீடு ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம். கணவர் பெரிய லொறி ஓட்டுகிறவர். ஞாயிறு பின்னேரம் எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குள் இறங்கினால் வார முடிவில்தான் முகம் காணலாம். நான் பல வருடங்கள் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் நின்றபடியே பெட்டி அடுக்கியவள். மகள் பிறந்து விடுப்பில் இருந்த நாட்களில், எப்போதோ விண்ணப்பித்துவிட்டு மறந்தே போயிருந்த நகர பஸ் சாரதி வேலைக்கு அழைப்பு வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டுக் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால் தனியாக நின்று சிரித்தேன். அவ்வளவு பெரிய வண்டி, அவ்வளவு பெரிய ஸ்டியரிங், அதன் பின்னால் நான்.

புதிதாய் வந்த சாரதிக்கு நல்ல நேரம் கொடுக்க மாட்டார்கள். விடியப்புறம் ஒரு துண்டு வேலை, பின்னேரம் ஒரு துண்டு வேலை, நடுவில் வீட்டுக்கு வந்து போகலாம். புரொபேஷன் என்ற தகுதிகாண் காலம் முடியும்வரை ஒரு நாள் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றாலும் வேலை போய்விடும். பயிற்சியின் முதல் நாளே அதை எங்களுக்கு நன்றாக விளங்கப்படுத்திவிட்டார்கள். நான் வீட்டை விட்டு வெளிக்கிடும் நேரத்தில் எந்த டேகெயரும் திறந்திருக்காது. கணவரோ ஒஹாயோவில் எங்காவது ஒரு லொறித் தரிப்பிடத்தில் நித்திரையாக இருப்பார்.

இதற்கு மாமியிடம் ஒரு வழி இருந்தது. மாமி என்றால் கணவரின் அம்மா. மோர்னிங்சைடில் தன் மகளோடு, அதாவது என் மச்சாளோடு இருந்தா. "பிள்ளையை இஞ்சை விடு. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போ. திங்கள் திருப்பிக் கொண்டுவந்து விடு," என்றா. அதைச் சொன்ன விதத்தில் அன்பும் இருந்தது, கொஞ்சம் அதிகாரமும் இருந்தது. பஸ் ஓட்டும் மருமகள் என்ற வெட்கமும் இருந்தது. மச்சாளின் சிநேகிதிகளிடம் என்னைப் பற்றி 'சிற்றியில் வேலை' என்று மட்டும்தான் சொல்லப்பட்டது.

நான் மாட்டேன் என்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நான் மட்டக்களப்பில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தா. அந்த வீட்டுப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, நித்திரையாக்கினா. தான் சாப்பிட்டது குசினித் தரையில் இருந்து. பெரியம்மா எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அடிக்கவில்லை, பசிக்க விடவில்லை. ஆனால் அது என் வீடு இல்லை என்பதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. இரண்டாவது தோசை கேட்பதற்கு முன்னால் மற்றவர்களின் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்பேன். என் மகள் அப்படிப் பார்க்கக் கூடாது. தன் வீட்டில் படுத்து, தன் வீட்டில் எழும்ப வேண்டும். என் பிடிவாதம் அவ்வளவுதான்.

என் அம்மாவின் கதையை மாமி தன் சொந்தக்காரர்களிடம் வேறு மாதிரிச் சொல்லி வைத்திருந்தா. 'சம்பந்தி குவைத்தில் ஒரு கொம்பனியில் இருந்தவ.' எங்கள் கல்யாணத்தில் அதை நான் என் காதாலேயே கேட்டேன். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்குள் மட்டக்களப்புக்காரி வருவதே அவர்களுக்குப் பெரிய விழுங்கல். வேலைக்காரியின் மகள் என்று வேறு சொல்ல வேண்டாம் என்று நினைத்திருப்பா. கூறைச் சேலையோடு நின்று சண்டை பிடிக்க முடியுமா?

ஓ-பேர் என்ற ஏற்பாடு இருப்பதை என்னோடு பயிற்சி எடுத்த ஒரு பெண்தான் சொன்னாள். வெளிநாட்டு இளம் பிள்ளைகள் ஒரு வருட விசாவில் வருவார்கள். வீட்டில் ஓர் அறை, சாப்பாடு, கைச்செலவுக்குக் காசு. குடும்பத்தில் ஒருத்தராக இருந்து குழந்தையைப் பார்ப்பார்கள். அந்தக் 'குடும்பத்தில் ஒருத்தர்' என்பதுதான் எனக்குப் பிடித்தது. நான்கைந்து பேரோடு வீடியோவில் கதைத்தேன். மற்றவர்கள் எல்லாம் நயாகராவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். இவள் மட்டும், பிள்ளை எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் நித்திரை கொள்ளும் என்று கேட்டாள்.

வந்தாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, முதுகில் ஒரு பை, கையில் ஒரு சூட்கேஸ், மூக்கில் வெயில் பட்ட சிவப்பு. முதல் வாரமே வில்லங்கம். மாமிக்கு முன்னால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "உவள் என்ன, வீட்டுக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாள்?" என்று மாமி கேட்டா. அன்று பின்னேரம் அவளுக்கு 'அக்கா' என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த முறை மாமி வந்தபோது அவள் வாசலில் நின்று, "வாங்கோ அக்கா," என்று மாமியையும் வரவேற்றாள். மாமிக்குத் திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. எழுபது வயதில் யாரோ அக்கா என்றால் யாருக்குத்தான் கோபம் நிலைக்கும்?

பிறகு சட்டி விஷயம் வந்தது. வெள்ளிக்கிழமைச் சமையலுக்கென்று எங்கள் வீட்டில் ஒரு தனிச் சட்டி இருக்கிறது. மச்சம், அதாவது மீன் இறைச்சி, படாத மரக்கறிச் சட்டி. அது மாமி தந்தது. இவள் ஒரு வெள்ளிக்கிழமை அதில் சொசேஜ் அவித்துவிட்டாள். அதிலும் மாட்டு சொசேஜ். மாமி சட்டியைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குள் போட்டா. அவ போனதும் நான் அதை எடுத்துச் சாம்பல் தூள் போட்டு நன்றாகத் தேய்த்தேன். அடுத்த வெள்ளி அதே சட்டியில் பருப்பு வைத்தேன். கடவுள் கோபித்துக்கொண்டதாக எனக்குத் தகவல் இல்லை.

சொந்தக்காரர் அவளைப் பார்க்கவென்றே வந்தார்கள். மார்க்கம் நகரத்தில் பெரிய வீடுகளில் இருப்பவர்கள்கூட வந்தார்கள். "வெள்ளைக்காரியை வேலைக்கு வைச்சிருக்கிறியளாம்" என்று சொல்லும்போது ஒரே வாயில் நையாண்டியும் பொறாமையும் சேர்ந்தே வந்தன. வந்து இறங்கிய காலத்தில் எங்களில் எத்தனை பேர் வெள்ளைக்காரரின் வீட்டுக் கழிப்பறை கழுவியிருக்கிறோம். இப்போது ஒரு வெள்ளைக்காரி எங்கள் வீட்டில் கோப்பை கழுவுவதைப் பார்த்தால் அவர்களுக்கு வயிறு குளிரும் போலிருந்தது. ஓர் அன்ரி சோபாவில் சாய்ந்துகொண்டு அவளிடம் விரலை ஆட்டித் தேத்தண்ணீர் கேட்டா. நான் எழும்பினேன்.

"அது பிள்ளை பாக்க வந்தவள், அன்ரி. தேத்தண்ணி நான் போடுறன்."

"எங்களுக்கென்ன, நாங்கள் ஆசைக்குக் கேட்டனாங்கள்."

"ஆசையோட குடியுங்க," என்று சீனியை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன்.

மகளுக்குப் பல் பிந்தித்தான் முளைத்தது. அதை முதலில் கண்டது ஜெர்மன்காரிதான். கீரை ஊட்டும்போது கரண்டியில் 'டிக்' என்று தட்டியதாம். படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளியை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமிக்குச் செய்தி சொன்னதும் முதல் கேள்வி, "ஆர் முதல் கண்டது?" என்பதுதான்.

எங்களவர்கள் முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை கொட்டுவார்கள். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலைக்கு மேல் இன்னொரு துணியைப் பிடித்து, அதில் சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளைக் கொட்டுவது வழக்கம். கொழுக்கட்டை ஒவ்வொன்றிலும் பல்லுப் போலத் தேங்காய்ச் சொட்டுச் செருகியிருக்கும். பிறகு பிள்ளைக்கு முன்னால் புத்தகம், பேனை, நகை, கத்தரிக்கோல் என்று பொருட்களைப் பரப்பி வைப்பார்கள். பிள்ளை எதைத் தொடுகிறதோ அந்த வழியில் போகும் என்பது நம்பிக்கை. மச்சாள் டொலர் கடையில் ஒரு விளையாட்டு ஸ்டெதஸ்கோப் வாங்கி வந்து நடுவில், கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தா. ரொறன்ரோவில் இந்தச் சடங்குக்குப் போகும் வீடுகளில் எல்லாம் அது நடுவில்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டு ஹோல் ஆட்களால் நிறைந்துவிட்டது. முதல் நாள் பின்னேரம் அவள் என்னோடு குசினியில் நின்று கொழுக்கட்டைக்குத் தேங்காய்ப் பல் செருகியிருந்தாள். எனக்குச் செருகத் தெரிந்ததைவிட ஒழுங்காகவே செருகினாள். அன்றைக்கு என் பச்சைச் சுரிதாரைப் போட்டிருந்தாள், கணுக்காலுக்கு மேலே நின்றது. படம் எடுக்கும் நேரம் வந்ததும் மச்சாள் அவளிடம் ஆங்கிலத்தில், இது குடும்பப் படம், கொஞ்சம் அங்கே நில்லும், என்று குசினி வாசலைக் காட்டினா. பாத்ரூமுக்குப் போகும் வழியில் அவளோடு செல்ஃபி எடுத்த அதே அன்ரிமார் இப்போது சேலையைச் சரிசெய்துகொண்டு கமராவைப் பார்த்தார்கள். நான் பிள்ளையை இருத்தக் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோதுதான் அவள் அங்கே நிற்பதைக் கண்டேன்.

கொழுக்கட்டை கொட்டியாயிற்று. கூட்டம் வட்டமாக நின்றது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் கணவர், எதிரில் மாமி. என் மகள் ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்தாள். மச்சாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றா. மகள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தவழ்ந்தாள். புத்தகத்தைத் தாண்டினாள், நகையைத் தாண்டினாள், என் கையையும் தாண்டினாள். சேலைகளுக்கு நடுவால் போய்க் குசினி வாசலில் பச்சைச் சுரிதாரைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள்.

எனக்கு வலித்தது. பெற்றவளுக்கு வலிக்காமல் இருக்குமா? இவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு முறை, ஒரே ஒரு முறை, என்னிடம் வந்திருக்கலாமே என்று நினைத்தேன். ஆனால் அந்த வலி என்னுடையது. மற்றவர்கள் கிண்டிப் பார்க்க அதை நான் மேசையில் வைக்கவில்லை.

சீனி போட்டுத் தேத்தண்ணீர் குடித்த அதே அன்ரிதான் வாயைத் திறந்தா. "என்னடியப்பா, பிள்ளை வேலைக்காரியையெல்லோ எடுத்திருக்கு."

சிலர் சிரித்தார்கள். மாமியின் முகம் சிறுத்துப் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் சிரிப்பு விளங்கியது. பிள்ளையைத் தூக்குவதா விடுவதா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். குவைத்தில் என் அம்மாவும் எத்தனை முறை இப்படிக் கையை வைத்துக்கொண்டு நின்றிருப்பா என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு என் வாய் என் சொல்லைக் கேட்கவில்லை.

"என்ட அம்மாவும் வேலைக்காரிதான், அன்ரி. குவைத்தில. கொம்பனி ஒண்டும் இல்ல, வீட்டு வேலை. ஒரு வீட்டில நாலு பிள்ளையள வளத்தவ. அந்தக் காசிலதான் நான் படிச்சன். என்ட மகள் அந்த வழியில போனாலும் எனக்குச் சந்தோசம்தான்."

பிறகு அவளைப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா, படத்துக்கு நில், என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வந்து நின்றாள். அந்தப் படம் இருக்கிறது. அதில் சிரிக்கிறவர்கள் இரண்டே பேர், மகளும் கமராக்காரனைப் பார்க்கும் நானும்.

கணவர் அன்று பின்னேரமே லொறிக்குப் போக வேண்டியிருந்தது. வெளிக்கிடும்போது, "என்ரை அம்மாவை ஆக்களுக்கு முன்னாலை உப்பிடித் தலைகுனிய விட்டிருக்கத் தேவையில்லை," என்றார். "என்ட அம்மாவ நீங்க எல்லாரும் இவ்வளவு வருசமா மறைச்சு வச்சிருக்கத் தேவையில்ல," என்றேன். அவர் நல்ல மனிதர். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலைத் துண்டு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் மச்சாளின் கார் நின்றது, பின்கதவு திறந்திருந்தது, உள்ளே குழந்தை இருக்கை பூட்டியிருந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் படிக்கட்டின் அடியில் ஜெர்மன்காரியின் சூட்கேஸ். மாமி சோபாவில் மகளை மடியில் வைத்திருந்தா. மச்சாள் டயப்பர்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தா. அவள் சுவரோடு நின்றாள், அழுது மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

குடும்பம் முடிவெடுத்துவிட்டது, உனக்கு இனி வேலை இல்லை, பின்னேரம் வேறு இடம் பார்த்துக்கொள், என்று மச்சாள் அவளுக்குச் சொல்லியிருக்கிறா. அவள் நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள்? எங்கள் வீட்டில் பாயாசத்துக்குச் சவ்வரிசி போடுவதா வேண்டாமா என்பதைக்கூட நாலு வீடு கூடித்தான் முடிவெடுக்கும். இதையும் நான் உட்பட எல்லாரும் கூடி எடுத்தோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"பிள்ளை, இது உனக்கும் நல்லதுக்குத்தான்," என்றா மாமி. "நான் வளக்கிறன். பிள்ளை ஆரை எடுத்தது எண்டு கண்டனி தானே? இனியும் விட்டால் உன்னை அம்மா எண்டே கூப்பிடாது."

"உங்கட வீட்டில அஞ்சு நாள் இருந்தாக் கூப்பிடுமோ, மாமி?"

"நாங்கள் பிறத்தியாரே?"

"இல்ல. ஆனா உங்கட வீடு இவள்ர வீடில்ல. நான் சொந்தக்காரர் வீட்டில வளந்தவள். எனக்குத் தெரியும்."

கணவருக்குப் போன் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். லொறியின் இரைச்சலுக்குள்ளால், "பிள்ளை ஒரு கிழமைக்கு அங்கை நிக்கட்டுமேயப்பா, பிறகு பாப்பம்," என்றார். ஒரு கிழமைக்குள் இந்தப் பெண் போய்விடுவாள், அதற்குப் பிறகு நான் வேலையை விட வேண்டும், அல்லது பிள்ளையை விட வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிராது. "நான் வேலைய விடமாட்டன், பிள்ளையையும் விடமாட்டன்," என்றேன். "நீங்க றோட்டப் பாத்து ஓடுங்க."

போனை வைத்துவிட்டுச் சூட்கேஸைத் தூக்கினேன். கல்லுப் போலக் கனத்தது. மச்சாள் என்னைத் தடுப்பா என்று எதிர்பார்த்தேன், வழி விட்டா. மேலே அவளின் அறையில் கட்டிலடியில் அதை வைத்தேன். அவள் பின்னாலேயே வந்து, நான் நிற்க வேண்டும் என்று உங்களுக்கு விருப்பமா, என்று கேட்டாள். கடமைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். ஓம் என்றேன். என் பிள்ளை உன்னை நம்புகிறாள், நானும் நம்புகிறேன், இந்த வீட்டில் உன்னைப் போகச் சொல்ல என்னைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை, நான் சொல்லவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள்.

மாமியின் மடியிலிருந்து பிள்ளையை நான் வாங்கினேன். மாமி இறுக்கிப் பிடிக்கவில்லை, ஆனால் உடனே விடவும் இல்லை. "அப்ப இனி நாங்கள் இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டம்," என்றா.

"மிதிக்காம எங்க போகப் போறீங்க? இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

போட்டுக் கொடுத்தேன். குடித்தார்கள். எனக்குப் பின்னேர வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சீருடையின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, மகளை அவளின் கையில் கொடுத்தேன். வாசலில் குனிந்து சப்பாத்து மாட்டும்போதுதான் மகள் அழத் தொடங்கினாள்.

அதற்கு முன்னால் ஒரு நாளும் அவள் அப்படி அழுததில்லை. அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்தபடியே உடம்பை வளைத்து, இரண்டு கையையும் என் பக்கம் நீட்டி, முகமெல்லாம் சிவந்து அழுதாள். ஞாயிற்றுக்கிழமை முழுச் சபைக்கும் முன்னால் நான் ஏங்கி நின்றது இதற்குத்தான். இப்போது, போக வேண்டிய நேரத்தில் வந்திருந்தது.

மாமி எழும்பி நின்றா. அவவின் குரலில் வெற்றி இருந்தது, அழுகையும் இருந்தது. "பார், தாயைத் தேடுது. இதைப் பாத்திட்டும் போகப் போறியோ?"

"ஓம் மாமி."

"அப்ப பின்பக்கத்தாலை போம்," என்றா மச்சாள். "காணாட்டி அழாது."

என் அம்மாவுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் நித்திரையாக இருந்தபோது அம்மா குவைத்துக்குப் போனா. எழும்பிப் பார்த்தேன், பக்கத்தில் பாய் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு பல வருடங்கள், கண்ணை மூடினால் இன்னும் யாராவது போய்விடுவார்கள் என்று பயந்து விழித்துக்கொண்டு கிடந்தேன். அம்மாவோடு எனக்குக் கோபம் இல்லை. ஒளித்துப் போ, பிள்ளை மறந்துவிடும், என்று சொல்லிக் கொடுத்தவர்களோடு இன்றைக்கும் கோபம்தான்.

"முன்கதவாலதான் போவன்," என்றேன். "பாத்துக்கொண்டே அழட்டும். நான் எங்க போறன் எண்டு அவளுக்குத் தெரியோணும்."

மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். "அம்மா பஸ் ஓடப் போறன் மகள். ஓடிற்று வருவன்." அவளுக்கு விளங்கவில்லை. இன்னும் பலமாக அழுதாள். அந்தப் பெண் பிள்ளையோடு வாசல்படிவரை வந்து, நான் காருக்குள் ஏறுவது அவளுக்கு நன்றாகத் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணாடியை இறக்கிக் கை காட்டினேன். என் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஸ்டீல்ஸ் வீதிவரைக்கும் கலங்கித்தான் இருந்தது. பஸ் நேரத்துக்குப் புறப்பட்டது.